பத்து விநாடிப் பாதை

அன்று சனிக்கிழமை. பாடசாலைக்குக் கற்பிக்கப் போக வேண்டியதில்லை என்பதால் விடிந்த பிறகும் படுத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது கூரைத் தகரத்தின் வரிகள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தன. கண்களை மூடிக்கொண்டேன். ஓட்டம் நிற்கவில்லை. இப்போது கூரைக்குப் பதிலாக நான் ஓடினேன்.

எழுந்து உட்காரப் பார்த்தேன். கட்டில் இடப்பக்கம் சரிவதுபோல் இருந்தது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். கிடந்தபடியே வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு, சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். “தலை சுத்துதும்மா” என்றேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“நாள் தள்ளிப் போயிருக்கா, சுமதி?”

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது ஒரே பயம்தான். தரை என்னைத் தாங்கவில்லை. கையால் அழுத்திப் பிடித்தும் அது நழுவியது. இன்னொரு முறை வாந்தி எடுத்தேன்.

இதை உங்களுக்காக எழுதுகிறேன். தலைச்சுற்று என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் யாருக்கும் விளக்க முடியாமல் சுவரைப் பிடித்து நடப்பவர்களுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை. கட்டு இல்லை, காயம் இல்லை, காய்ச்சல்கூட இல்லை. அதை நான் அறிவேன்.

என் கணவர் மோகன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். தோட்டத்துச் சந்தியில் அவருடைய ஸ்டாண்டு. அன்று அதே வண்டியில், பின் இருக்கையில் உட்கார முடியாமல், கால் வைக்கும் இடத்தில் சுருண்டு படுத்து கேகாலை வைத்தியசாலைக்குப் போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர், “இப்ப திருப்பப் போறேன், புடிச்சிக்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பாதையில் எத்தனை வளைவுகள் இருக்கின்றன என்பது அன்றுதான் தெரிந்தது.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இருந்த வைத்தியர் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். “என் மூக்கைப் பாருங்கள், கண்ணை எடுக்காதீர்கள்” என்றார். பிறகு என் தலையை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பியபோது என் பார்வை அவர் மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பியபோது பார்வை வழுக்கிப் போய், ஒரு துள்ளலில் திரும்பி வந்தது. அதை நானே உணர்ந்தேன்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பேச்சு குழறுகிறதா, கை கால் மரத்திருக்கிறதா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்படி ஏதாவது இருந்தால் அது மூளையின் இரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், தாமதிக்கவே கூடாது என்று வைத்தியர் சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தலைச்சுற்றுடன் அவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

எனக்கு அவை இல்லை. எனக்கு வந்திருந்தது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உட்காதிலிருந்து உடலின் சமநிலைச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் வரும் அழற்சி). பெரும்பாலும் ஒரு வைரசுக்குப் பிறகு வருவதாம். போன வாரம் சளி, தடிமன் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. பாடசாலையில் பாதிப் பேருக்கு இருந்தது.

“இரண்டு காதும் மூளைக்கு ஒரே கதையைச் சொல்ல வேண்டும்” என்றார் வைத்தியர். “உங்களுடைய இடது காது திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. வலது காது மட்டும் பேசுகிறது. அதனால் நீங்கள் சுழல்வதாக மூளை நினைக்கிறது.”

“எப்ப சரியாகும், டொக்டர்?”

“சுழற்சி சில நாட்களில் அடங்கும். அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட வேலை. அது என் கையில் இல்லை, உங்கள் கையில்.”

அவர் சொன்னது அப்போது புரியவில்லை. வார்ட்டில் குமட்டலுக்கு ஊசி போட்டார்கள். சில நாட்களுக்கு மாத்திரை தந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கூரை ஓடவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குள் இது கர்ப்பம் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பெண்கள் சிலரிடம், நான் மாசமாக இருப்பதாக முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார் போலும். ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள். அம்மா வாசலில் வைத்தே, “காது நரம்புல ஒரு வருத்தம், வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பினார். உள்ளே வந்து மாங்காயை வெட்டி உப்புத் தூவி என்னிடம் தந்தார். “நரம்புக்கும் மாங்கா நல்லதுதான்” என்றார். இருவரும் சிரித்தோம். அம்மாவின் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

நான் கணினிப் பாடம் கற்பிக்கிறேன். அதனால் என் நோயின் இரண்டாம் பகுதி எனக்கு எங்கே காத்திருந்தது என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு பக்கத்தைக் கீழே நகர்த்தினேன். எழுத்துகள் மேலே போயின. நான் கீழே போனேன். மடிக்கணினியை மூடிவிட்டு, வாந்தி எடுக்க வைத்திருந்த வாளியை இழுத்துக்கொண்டேன். கைபேசியிலும் அதேதான். விரலால் ஒரு தள்ளு, உலகம் முழுக்க வழுக்கியது. வீட்டுக்குள் நடக்கும்போது தரை மெத்தைபோல் அமுங்கியது. தலையைத் திருப்பினால் பார்வை அரை நொடி பின்னால் வந்து சேர்ந்தது.

திரையைப் பார்க்க முடியாத கணினி ஆசிரியர். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

வைத்தியர் என்னை இயன்மருத்துவப் பிரிவுக்கு (பிசியோதெரபி) அனுப்பியிருந்தார். அங்கே பர்ஹானா என்ற இளம் பெண். மாவனல்லையிலிருந்து வேலைக்கு வருபவர். நான் தலையை அசைக்காமல், கழுத்தில் கட்டுப் போட்டவள்போல் நடந்து வருவதைப் பார்த்து முதலில் அதைத்தான் கண்டித்தார்.

“டீச்சர், தலைய இப்பிடிப் பொத்திப் பொத்தி வச்சா மூளை பழகாது. அதுக்குப் பிழை தெரியணும். தெரிஞ்சாத்தான் திருத்தும்.”

சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதைப் பார்த்தபடியே தலையை இடம் வலமாக ஆட்டச் சொன்னார். ஒரு காலை மற்றக் காலுக்கு முன்னால் வைத்து நிற்கச் சொன்னார். இதற்குப் பெயர் ஈடுசெய்தல் பயிற்சி (பழுதான காதின் வேலையைக் கண், கால், மறு காது மூன்றையும் கொண்டு செய்ய மூளையைப் பழக்குவது). திரையைப் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார்.

“நகர்ற காட்சி உள்ள வீடியோ பாருங்க. ரயில் முன்னுக்குப் போறது, கோடுங்க ஓடுறது, அப்பிடி. பத்து விநாடி. அதுக்கு மேல வேணாம். தலை அமைதியான பிறகு இன்னொரு பத்து. குமட்டல் வர்றதுக்கு முந்தியே நிப்பாட்டணும், விளங்குதா? கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவோம்.”

வீட்டுக்கு வந்து முயன்றேன். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. அந்தப் பத்து விநாடியைப் பார்ப்பதற்கு முன் அதைத் தேட வேண்டும். காணொளித் தளத்தைத் திறந்தால் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. சில தாமாகவே ஆடுகின்றன. நடுவில் விளம்பரம் குதிக்கிறது. வேண்டியதைக் கண்டுபிடிக்கும் முன்பே வாளியைத் தேடும் நிலை. ஒருவழியாகக் கண்டுபிடித்து ஓடவிட்டாலும், நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் பத்து விநாடி கடந்துவிடும்.

மருந்து ஒரு பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரியைத் தொட்டாலே வருத்தம் கூடியது.

இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள், கண்ணை மூடிக் கிடந்தபோது, பத்தாம் வகுப்புக்குப் பைதன் (கணினிக்குக் கட்டளை எழுதும் எளிய நிரல்மொழி) கற்பித்த பாடம் நினைவுக்கு வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் இல்லை, அசைவு இல்லை. தளத்துக்கு நான் ஏன் போக வேண்டும்? எனக்குப் பதிலாக ஒரு நிரல் போய்த் தேடி வரட்டுமே.

நிரல் தலைக்குள் வரி வரியாக வந்தது. ஆனால் என்னால் அதைத் தட்டச்சு செய்ய முடியாது. எழுத்து ஏறும்போது திரையும் ஏறும். அன்று மோகன் சாப்பிட வந்தபோது சொன்னேன்.

“நான் சொல்றேன், நீங்க அடிக்கிறீங்களா?”

“நானா? நான் ஹேண்டில் புடிக்கிறவன்.”

“கையாலதானே புடிக்கிறீங்க.”

அவர் மடிக்கணினியைக் கட்டிலோரம் வைத்து, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இம்போர்ட்” என்றேன்.

“எக்ஸ்போர்ட்டும் வருமா?”

“வராது. ஐ, எம், பி, ஓ, ஆர், டி.”

ஒவ்வோர் எழுத்துக்கும் டக் என்று ஒரு சத்தம். நீண்ட இடைவெளி. மறுபடியும் டக்.

“இப்ப ரெண்டு புள்ளி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அடுத்த வரி உள்ள தள்ளி வரணும். ஸ்பேஸ நாலு தடவ அடிங்க.”

“மூணு போதாதா?”

“போதாது. அதுக்குக் கீழ வர்ற வரி எல்லாம் அதே அளவுக்குத் தள்ளி நிக்கணும். ஒண்ணு விலகினாலும் ஓடாது.”

“எங்க ஸ்டாண்டு மாதிரி” என்றார் மோகன். “ஒருத்தன் லைன விட்டு முன்னுக்கு வந்தான்னா அன்னிக்கு ஒரு வண்டியும் ஓடாது.”

அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் சுவரைப் பார்த்து ஆங்கில எழுத்துகளைச் சொல்வதும், மருமகன் அதைத் தேடித் தேடிக் குத்துவதும் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. “தம்பி, தேத்தண்ணி ஊத்தவா?” என்று மட்டும் கேட்டார்.

நிரல் சிறியது. தேட வேண்டிய சொற்களை என்னிடம் கேட்கும். அவற்றைக் காணொளித் தளத்துக்கு அனுப்பும். வரும் பதில்களில் படங்களை விட்டுவிட்டு, முதல் ஐந்து தலைப்புகளை மட்டும் எண்ணிட்டுப் பெரிய எழுத்தில் காட்டும். நான் ஓர் எண்ணை அழுத்தினால் அந்தக் காணொளியைத் திரை நிறைய ஓட்டும். பத்து விநாடி முடிந்ததும் மூடும். தேடுவதற்கும் ஓட்டுவதற்கும் யார் யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த நிரல்கள் இருந்தன. என் நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வேலை வாங்கியது, அவ்வளவுதான்.

முடிக்க மூன்று மதியங்கள் ஆயின. முதல் முறை ஓடவிட்டபோது சொற்களைக் கேட்டது. மோகனிடம் சொன்னேன். ஐந்து தலைப்புகள் அசையாமல் நின்றன. அந்த ஐந்து வரிகளை நான் வாசித்தேன். பல நாட்களுக்குப் பிறகு ஒரு திரையை வாசித்தேன். முதலாம் எண்ணை அழுத்தினேன். பனி மூடிய ஏதோ ஒரு நாட்டில் ரயிலின் முன்பக்கம் தண்டவாளத்தை விழுங்கிக்கொண்டு போனது.

பத்து விநாடி ஆனது. ரயில் நிற்கவில்லை. இருபது ஆனது. நிற்கவில்லை. எந்தப் பொத்தான் என்று தெரியாமல் மோகன் எல்லாவற்றையும் அமுக்கினார். நான் நாற்காலியிலிருந்து சரிந்தேன். அம்மா கொடியிலிருந்த ஈரத் துவாய்த் துண்டை உருவித் திரையின்மேல் போட்டார். ரயில் இருட்டுக்குள் போனது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிழை என்னுடையது. ஓட்டு, காத்திரு, மூடு என்று மூன்று வரி எழுதியிருந்தேன். ஓட்டு என்ற வரி, காணொளி முழுவதும் முடியும் வரை அடுத்த வரிக்கு வழிவிடாத வகை. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். ரயிலைப் பின்னால் தனியாக ஓடவிட்டு, அது ஓடும்போதே நேரம் பார்க்கும்படி மாற்றினேன். மோகன் மறுபடி ஒற்றை விரலோடு உட்கார்ந்தார். மறுநாள் ரயில் பத்து விநாடியில் நின்றது. திரை கறுப்பானது. நான் வாளியைத் தேடவில்லை.

“சரியா வேல செய்யுது” என்றார் மோகன், தன் வண்டியைத் திருத்தி எடுத்தவர்போல.

அதன்பின் நாட்கள் ஒழுங்குக்கு வந்தன. காலையில் சுவர் எழுத்து, பிறகு வாசலில் நடை, பிறகு காணொளி. ரயில், ஆறு, தானாக ஏறும் படிக்கட்டு. பர்ஹானா கிளினிக்கில் பார்த்து விநாடியைக் கூட்டச் சொல்வார். நிரலில் ஓர் எண்ணை மாற்றுவேன். சில நாட்கள் முந்தைய எண்ணுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அது தோல்வி இல்லை என்று பர்ஹானா சொன்னார். நம்ப நேரமெடுத்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பழகினார். திரை கறுப்பானதும் அவருக்குக் கோபம் வரும். “இப்பதான் பாலம் வருது, அதுக்குள்ள நிப்பாட்டிருச்சே” என்பார். அவருக்காக விநாடிக் கணக்கு இல்லாத இன்னொரு வழியை நிரலில் சேர்த்தேன். நான் வாசலில் நடக்கும் நேரம் அவர் பனிநாட்டு ரயிலில் போவார். ஒருநாள், “அங்க ஒரு மரமும் இலையில்லாம நிக்குது. எல்லாத்துக்கும் நம்ம இறப்பருக்கு வர்ற இலை விழுற நோயா?” என்று கவலையோடு கேட்டார். குளிர்காலம் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

இடையில் ஒரு சறுக்கல் வந்தது. தீபாவளிக்குப் புடவை எடுக்க கேகாலைக்குப் போனோம். மருந்து போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி வண்டியில் போய்ச் சேர்ந்துவிட்டேன். கடைக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் துணி அடுக்குகள், அவற்றின் வண்ணக் கோடுகள், நடுவில் நகரும் ஆட்கள். நான் நடக்க, அடுக்குகளும் நடந்தன. கடை நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு பெண் சிங்களத்தில், பாவம், மாசமாக இருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த வாரம் பாடசாலை அதிபரும் அழைத்திருந்தார். அடுத்த தவணைக்கு வருவேனா, வேறு ஆசிரியரைக் கேட்க வேண்டுமா என்று கனிவாகத்தான் கேட்டார். அன்று மாலை மோகன் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தபோது அதைத் தள்ளிவிட்டேன்.

“எதுக்கு? நான் சீமை ரயில்ல நல்லாத்தான் போறேன். நம்ம ரோட்டுல டவுனுக்குப் போக முடியல. பஸ்ஸுல ஏற முடியல. இதப் பார்த்து என்ன ஆகப்போகுது?”

அவர் மடிக்கணினியை மூடினார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவரை நோகடித்துவிட்டேன் என்று அம்மா சொன்னார். எனக்கும் தெரிந்திருந்தது.

சில நாட்கள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவும் முன்பே, “அந்தத் தேடுறதைத் திற” என்றார். திறந்தேன். “தமிழ்லயே அடி. சுமதி ரோட்டு.”

“என்னது?”

“அடிச்சுப் பாரேன்.”

அடித்தேன். ஐந்து தலைப்புகள் வந்தன. நான்கு ஏதேதோ. முதலாவது, ‘சுமதி ரோட்டு’ என்றே இருந்தது. எண்ணை அழுத்தினேன்.

எங்கள் வாசல். சந்திக்குப் போகும் இறக்கம். இரு பக்கமும் பால் சிரட்டை கட்டிய இறப்பர் மரங்கள் வந்து வந்து பின்னால் போயின. முதல் வளைவில் இருக்கும் அம்மன் கோயில், அதன் நீலத் தகரக் கதவு. வண்டியின் இரைச்சலுக்கு மேலே சிங்களத்தில் ஒரு பெரியவரின் குரல், கண்ணாடியில் எதற்கு போன் கட்டியிருக்கிறாய் என்று கேட்டது. மோகனின் குரல் பதில் சொன்னது.

“மகே நோனாட்ட பெஹெத்” (என் மனைவிக்கு மருந்து).

திரை கறுப்பானது. விநாடி முடிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பானையைத் திறந்து சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

“மாவனல்லையில ஒரு கடையில அந்த போன் புடிக்கிற ஸ்டாண்ட் வாங்கினேன்” என்றார், என்னைப் பார்க்காமல். “பர்ஹானா மிஸ்கிட்ட கேட்டேன். பழகின ரோடு நல்லதுதான்னு சொன்னாங்க. இங்க இருக்கிற சிக்னலுக்கு வீடியோ ஏறல, டவுன் போய்தான் ஏத்தினேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ வேணாம்னு சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேன்தான்.

அதன்பின் நான் பனிநாட்டுக்குப் போகவில்லை. சுமதி ரோட்டு இரண்டு, மூன்று என்று வளர்ந்தது. மழையில் எடுத்தது, எதிரே பேருந்து வந்ததால் வண்டியைப் பின்னுக்கு நகர்த்தும்போது எடுத்தது, கேகாலைச் சந்தையின் நெரிசலில் எடுத்தது. நிரல் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தந்தது. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, எங்கள் பாதையில் நான் போய் வந்தேன். அதில் இரண்டாவது வளைவு மட்டும் நெடுநாள் என்னைத் தோற்கடித்தது. பிறகு அதுவும் விட்டுக்கொடுத்தது.

எங்கள் தோட்டத்திலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கும் ஒரு பெண் எப்படியோ அந்தக் காணொளியைக் கண்டுபிடித்து, அதன் கீழே எழுதியிருந்தாள். “அண்ணே, மூணாவது வளைவுல கொஞ்சம் மெதுவாப் போங்க. எங்க வீட்டு வாசல் தெரியும்.” அடுத்த காணொளியில் மோகன் அங்கே வண்டியை நிறுத்தியே விட்டார். ஒரு சிறுமி ஓடி வந்து கையசைத்தாள். என் பயிற்சிக்கு அந்தப் பகுதி உதவவில்லை. ஆனாலும் அதை நான் பல தடவை பார்த்தேன்.

பிறகு ஒருநாள் உண்மையான வண்டியில் ஏறினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடி. மோகன் வழக்கம்போல், “திருப்பப் போறேன்” என்றார். “தெரியும்” என்றேன். சந்தி வரை போய்த் திரும்பினோம். மறுவாரம் கேகாலை. தலை கனத்தது, கொஞ்சம் வியர்த்தது, அவ்வளவுதான். பேருந்துக்கு இன்னும் சில வாரம் எடுத்தது. நின்றுகொண்டு போவதற்கு அதைவிடவும் கூட.

தவணை தொடங்கியபோது பாடசாலைக்குப் போனேன். முதல் பாடத்தில் என் நிரலைப் பலகையில் எழுதினேன், அந்தப் பிழையோடு. இதில் ரயில் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, “மூடுற வரிக்கு இன்னும் அதோட முறை வரல டீச்சர்” என்றாள். சரி என்றேன். துவாய்க் கதையையும் சொன்னேன். வகுப்பு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் தலைச்சுற்று மாத்திரையை நீங்களாகத் தொடராதீர்கள். அது குமட்டலை மட்டுமல்ல, மூளையின் பழக்கத்தையும் தள்ளிப்போடும். தலையை அசையுங்கள். குமட்டல் வரும் முன்பே நிறுத்துங்கள். குளியலறையில் பிடிமானம் வையுங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒருவர் காணொளியைத் தேடி எடுத்து, நேரம் பார்த்து மூடினாலே போதும். வீட்டில் இருப்பவர்களை நம்பவைக்கப் போராடாதீர்கள். வேலை கொடுங்கள். அவர்கள் நம்பிவிடுவார்கள்.

கடைசிக் கிளினிக்கில் வைத்தியர் மறுபடி என் தலையைப் பிடித்துத் திருப்பினார். இடப்பக்கம் என் பார்வை இன்னும் கொஞ்சம் வழுக்கியது.

“இடது நரம்பு முழுமையாகத் திரும்பவில்லை” என்றார். “இனித் திரும்பாமலும் போகலாம்.”

“ஆனா நான் நல்லா இருக்கேனே, டொக்டர்.”

“ஆமாம். நரம்பு குணமாகவில்லை. நீங்கள் குணமாகிவிட்டீர்கள்.”

அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். முன்பு உடம்பு என்பது என்னைச் சுமந்து போகும் ஒன்று. அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. இப்போது தலையைத் திருப்பும்போது, கண்ணும் காதும் காலும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வது எனக்குத் தெரிகிறது. களைப்பான நாட்களில் அந்தப் பேச்சு சற்றுத் தாமதமாகிறது. உலகம் ஒரு கணம் பின்னால் நின்று, பிறகு வந்து சேர்கிறது. அந்தக் கணத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டேன். அவசரப்படுத்தினால் அது வராது.

போன மாதம் வறட்சியில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. லயத்துக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனோம். அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் கல்லில் ஏறி நின்று தலைக்குச் சவர்க்காரம் போட்டேன். நுரை கண்ணுக்குள் இறங்கியது. கண்ணை மூடினேன்.

இருட்டில் என் பாதங்கள் கல்லின் சொரசொரப்பைத் தேடிக்கொண்டன. குதிகாலில் கொஞ்சம், பெருவிரலில் கொஞ்சம், மறுபடி குதிகாலில் என்று எடை மாறி மாறி நின்றது. நிற்பது இவ்வளவு வேலை என்று முன்பு எனக்குத் தெரியாது. தண்ணீர் தலையில் விழுந்தது.

“புடிச்சுக்கவா?” என்று அம்மா கேட்டார்.

“வேணாம்மா. நிக்கிறேன்.”

நுரை முழுவதும் போகும் வரை, அவசரமில்லாமல், அங்கேயே நின்றேன்.